பென்டியமும் நீலத் திரையும்

ஈரோட்டில் ஒரு பழைய இரும்புக் கடையில் எடுத்த பென்டியம் கம்ப்யூட்டர் பெட்டி. உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க் கரகரவென்று இழுத்ததால் அதைக் கழற்றிவிட்டு, ஹார்ட் டிஸ்க் கேபிளில் பொருந்தும் ஐடிஇ அடாப்டரில் 4 ஜிபி காம்பாக்ட் ஃபிளாஷ் மெமரி கார்டைச் செருகி விண்டோஸ் 98 ஏற்றினேன். சத்தமே இல்லை. ஆனால் ஆன் செய்யும்போதெல்லாம் நீலத் திரையில் ஸ்கேன்டிஸ்க், டிஸ்கில் பிழை தேடும் புரோகிராம்!

முதல் சந்தேகம் அப்பா மேல். "ஏனுங்ப்பா, 'இப்போ அணைக்கலாம்'னு ஆரஞ்சு எழுத்து வர்றதுக்கு முன்னாடியே சுவிட்ச அமுத்திட்டீங்களா?"

"நான் அந்தப் பக்கமே வரலயே கண்ணு."

அப்புறம்தான் திரையை ஒழுங்காகப் படித்தேன். சரியாக அணைக்கவில்லை என்று அது சொல்லவே இல்லை, பேட் செக்டர், அதாவது டிஸ்கில் கெட்டுப்போன இடம், இருக்கலாம் என்றது. எந்தக் கோப்பு டிஸ்கில் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் ஃபேட் அட்டவணையின் இரண்டாம் பதிவில் இதற்கென்றே இரண்டு பிட்கள் (ஆம்/இல்லை குறிகள்) உண்டு: ஒன்று ஒழுங்காக அணைத்தோமா என்பதற்கு, இன்னொன்று படிக்கும்போதோ எழுதும்போதோ டிஸ்க் பிழை வந்ததா என்பதற்கு. என்னுடையது இரண்டாவது.

விண்டோஸ் தொடங்கும்போது படிக்கும் எம்எஸ்டாஸ்.சிஸ் கோப்பில் ஆட்டோஸ்கேன்=0 என்று போட்டால் ஸ்கேன்டிஸ்க் வாயை மூடிக்கொள்ளும்தான், எனக்கு மனசு ஒப்பவில்லை. அடாப்டரை மதர்போர்டோடு இணைக்கும் 40 பின் கேபிளை லேசாக ஆட்டினேன், மெஷின் அப்படியே உறைந்து நின்றது. சரி, திருடன் அகப்பட்டான்.

கேபிளை மாற்றிவிட்டு, இத்தனை நாள் அவசரத்தில் நடுவிலேயே நிறுத்திக்கொண்டிருந்த சர்ஃபேஸ் ஸ்கேனை, அதாவது டிஸ்க் முழுவதையும் படித்துப் பார்க்கும் சோதனையை, முழுதாக ஓடவிட்டேன்; அது முடிந்தால்தான் அந்தப் பிழைக் குறி அழியும். இப்போது நான்கு நாளாக நேராக டெஸ்க்டாப்தான். தேதி மட்டும் தினமும் மறந்துபோகிறது, மதர்போர்டின் கடிகாரத்துக்கு சிஆர்2032 பேட்டரி ஒன்று வாங்கணும்.