வாய் அகன்ற சீவுளி

பள்ளிப் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா என்று எல்லாரும் எழுதுவதையே நானும் எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் பள்ளிக்கூடம் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது மரவேலைக் கூடமும், அங்கே நான் பாழாக்கிய ஒரு மரக்கட்டையும்தான்.

மரவேலை மாஸ்டர் எங்களுக்குச் சீவுளியைக் கையில் தரவில்லை, செய்யச் சொன்னார். (மரத்தைச் சீவி வழவழப்பாக்குகிற கருவி. இழைப்புளி என்று சொல்பவர்களும் இருக்கிறீர்கள், இரண்டும் ஒன்றுதான்.) நன்றாகக் காய்ந்த, இழை நேராக ஓடும் கட்டை ஒன்று. மேலேயிருந்து உளியால் குடைந்து இறங்க வேண்டும், சீவுகிற இரும்புத் தகடு சாய்ந்து படுக்கும் தளம் 45 பாகையில் வரவேண்டும், அடியில் தகட்டின் கூர் எட்டிப் பார்க்கிற வாய் மட்டும் மெல்லிய கீறல் போல இருக்க வேண்டும். மெல்லிய சுருள் எடுக்கிற சீவுளிக்கு அரை மில்லிமீட்டர் வாயே தாராளம். நான் அவசரப்பட்டுக் கொட்டாப்புளியால் இரண்டு அடி கூடுதலாகப் போட்டேன், வாய் மூன்று மில்லிமீட்டருக்குப் பிளந்துகொண்டது.

"தம்பி, வாயை அகட்டிப்போட்டாய். இனி ஒட்டுப்போடத்தான் வேணும்" என்றார் மாஸ்டர். திட்டவில்லை. வாய்க்கு முன்னால் இருக்கிற விளிம்புதான் மரத்தின் இழையை அமுக்கிப் பிடிக்கிறது, அது தள்ளிப்போனால் தகடு வெட்டுவதற்கு முன்பே இழை கிளம்பிப் பிய்ந்துவிடும் என்று ஒரு பலகையில் சீவியே காட்டினார். சரி என்று, வாய்க்கு முன்னால் ஒரு குழி வெட்டி, கடினமான மரத்துண்டு ஒன்றைப் பதித்து ஒட்டினேன்.

அப்புறமும் அது உருப்படவில்லை. தள்ளினால் தகடு தடதடவென்று அதிர்ந்தது, பலகை முழுக்க வரி வரியாகத் தழும்பு. தகட்டைத் தீட்டித் தீட்டிப் பார்த்தேன், பலனில்லை. குற்றம் தளத்தில் இருந்தது. நடுவில் லேசாக மேடு தட்டியிருந்ததால் கூர்முனைக்குப் பக்கத்தில் தகட்டுக்கு ஆதாரமே இல்லை. தகட்டின் முதுகில் பென்சில் கரியைத் தேய்த்து உள்ளே வைத்து அழுத்தி எடு, கரி ஒட்டின இடத்தை மட்டும் சுரண்டு, திரும்ப வை. இதையே எத்தனை வகுப்புகள் செய்தேன் என்று எண்ணவில்லை. சீவுளி செய்வதில் பாதி வேலை இதுதான் என்பது என் கணிப்பு, வெளித்தோற்றத்தை மினுக்குவதெல்லாம் பிறகு.

புலம்பெயர்ந்து வந்து பல வருஷம் கழித்துத்தான் ஜேம்ஸ் கிரெனாவ் என்ற மரவேலைக் கலைஞர் பரப்பிய முறை எனக்குத் தெரியவந்தது. கட்டையை நீளவாக்கில் மூன்றாக அறுத்து, நடுத்துண்டைச் சாய்வாக வெட்டி, பக்கங்களைத் திரும்ப ஒட்டிவிடுவது. தகட்டை இறுக்குகிற ஆப்பைப் பிடிக்கக் குறுக்கே ஒரு கட்டை. குடைகிற வேலையே கிடையாது, தளம் வெட்டவெளியில் கிடக்கிறது, ஒட்டுவதற்கு முன்பே சமப்படுத்திக்கொள்ளலாம். எனக்குக் கோபமே வந்தது. நான் இரண்டு தவணை மல்லுக்கட்டினதை இவர்கள் ஒரு வாரக்கடைசியில் முடிக்கிறார்கள்!

ஒரு வாரக்கடைசியில் நானும் முடித்தேன். வாயை மூடியே ஒட்டிவிட்டு, அடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துத் திறந்தேன், இந்த முறை அவசரமே இல்லை. அடியைச் சமப்படுத்தும்போது தகட்டை உள்ளே இழுத்து வைத்து ஆப்பையும் இறுக்கியே தேய்க்க வேண்டும், ஆப்பின் அழுத்தத்தில் கட்டை மயிரளவு வளையும். தகட்டை இறக்க அதன் தலையில் ஒரு தட்டு, ஏற்றக் கட்டையின் பின்புறத்தில் ஒரு தட்டு. ஆப்பு இறுகியிருந்தால் சத்தம் கணீரென்று வரும், தளர்ந்திருந்தால் தொம்மென்று இருக்கும். அந்த வித்தியாசத்தைக் காது பள்ளிக்கூடத்திலேயே பிடித்து வைத்திருந்தது.

ஒட்டுப்போட்ட அந்தப் பழைய சீவுளியைக் கூடத்திலேயே விட்டுவிட்டு வந்தேன். அதன் ஆப்பு மட்டும் எப்படியோ சட்டைப்பையில் வந்து சேர்ந்து இன்னும் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. புதியதில் வைத்துப் பார்த்தேன். இரண்டு மில்லிமீட்டர் அகலம் கூட.