மாரிக்குப் பிறகு: தம்பலகாமத்து வரம்பில் கீரை பழகுதல்

மாரி மழை ஓய்ந்து தை வெயில் ஏறினால் திருகோணமலையில் வேலியும் வயல் வரம்பும் பச்சை பிடித்துவிடும். முடக்கொத்தான், முசுட்டை, சாரணை, வல்லாரை, பொன்னாங்காணி எல்லாம் கேட்பாரற்று நிற்கும். இவற்றை நானே இனங்கண்டு பறித்துச் சமைக்க இந்த முறை பழகத் தொடங்கினேன். கற்றுத் தருபவர் தம்பலகாமத்தில் இருக்கும் பெரியம்மா.

அவர் போட்ட நிபந்தனை: ஒரு நேரத்தில் ஒரு செடி. பூவும் காயும் பார்க்காமல் அது சட்டிக்குள் போகக்கூடாது. முடக்கொத்தானில் தொடங்கினோம். காற்றடைத்தது போல உப்பிய காய், உள்ளே கறுப்பு விதை, விதையில் இதய வடிவில் வெள்ளைத் தழும்பு. புதிதாகப் பழகுகிறவருக்கு இதைவிடத் தெளிவான கொடி கிடைக்காது. முசுட்டை இலையின் அடிப்பக்கம் வெள்ளை மயிர் படர்ந்திருக்கும், தடவினாலே தெரியும்.

பொன்னாங்காணிதான் நிறைய நேரம் எடுத்தது. தென் அமெரிக்காவில் இருந்து பரவிய ஒரு நீர்க்களை அதே குடும்பம், அதே சாயல். வித்தியாசம் பூவில் இருக்கிறது. நம்முடையதில் சிறு வெள்ளைப் பூ இலைக்கக்கத்தில் காம்பில்லாமல் ஒட்டியிருக்கும். களையில் நீண்ட காம்பின் நுனியில் நிற்கும், தண்டும் உள்ளே பொள்ளல். அவுஸ்திரேலியாவில் குடியேறிய இலங்கையர் பலர் இந்தக் களையையே பொன்னாங்காணி என்று நம்பி வீட்டுத் தோட்டத்தில் வளர்த்தது 1990களில்தான் தெரியவந்தது. சின்ன வயதிலிருந்து தின்றவர்களே மாறிப்போன செடி இது. அதனால் பூக்காத கொத்தை நான் தொடுவதில்லை. கைபேசிச் செயலி என்ன பெயர் சொன்னாலும் சரி.

செடியை அறிவது பாதி வேலைதான். எனக்குக் கடினமாக இருப்பது இடத்தை அறிவது. வரம்பில் தளதளவென்று நிற்கும் கீரைக்குப் பக்கத்தில் புல் மஞ்சளாய்க் கருகியிருந்தால் களைநாசினி அடித்திருக்கிறார்கள். “நல்ல கீரைதான் பிள்ளை, ஆனா இந்த இடத்தில வேண்டாம்” என்று பெரியம்மா தாண்டிப் போய்விடுவார். இப்போது வயல்காரரிடம் கேட்காமல் குனிவதில்லை. அவருடைய நிலம், அனுமதியும் அவரிடம்தான். நகரத்துக் கழிவுநீர்க் கான் ஓரம் வளர்வதையும் விட்டுவிடுகிறேன். பொன்னாங்காணி போன்ற ஈரநிலக் கீரைகள் மண்ணிலும் நீரிலும் உள்ள பார உலோகங்களை வேர்வழி இழுத்துக்கொள்ளும். இலையை எத்தனை தண்ணீரில் அலசினாலும் உள்ளே போனது வெளியே வராது. அலசுவது மண்ணுக்கும் புழு முட்டைக்கும். வெளியில் பறித்த வல்லாரையை அதற்காகவே பச்சையாகச் சம்பல் போடாமல் சுண்டலாக்குகிறோம்.

காட்டுக்குள் போவதில்லை. யானை நடமாட்டம் ஒரு காரணம். தேசிய பூங்காவில் இலை பறிப்பதும் சட்டப்படி குற்றம். மூதூர்ப் பக்கம் போனாலும், கண்ணிவெடி இருக்கலாம் என்ற பயத்தில், போர்க்காலத்தில் கைவிடப்பட்டுப் பற்றை மண்டிய காணிகளுக்குள் கால் வைப்பதில்லை, ஊரார் நடக்கும் பாதையோடு சரி.

கிழங்கு எதையும் தோண்டுவதில்லை. கார்த்திகைப்பூக் கிழங்கை வற்றாளை என்று நினைத்து உண்டு இறந்தவர்கள் இலங்கையில் உண்டு. அதிலுள்ள கொல்சிசின் என்ற நஞ்சு அவித்தாலும் அழியாது. வேரோடு பிடுங்கினால் அடுத்த மாரிக்கு அந்த இடத்தில் ஒன்றும் முளைக்காது என்பதும் இருக்கிறது. நுனியில் இரண்டு மூன்று கணுவோடு கிள்ளுகிறேன், ஒரு கொத்தில் கொஞ்சம், பக்கத்துக் கொத்தில் கொஞ்சம். சாரணையில் தளிர் மட்டும். முற்றியது வயிற்றைக் கழிக்கும். அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் தேங்காய்ப்பூ போடுவது. புதிய கீரை எதுவானாலும் முதல் தடவை அதை மட்டும் தனியாக, ஒரு பிடி சமைத்து, மறுநாள் வரை பார்க்கிறோம்.

சமைத்தபோது மிஞ்சிய பொன்னாங்காணித் தண்டுகளைக் கிணற்றடியில் ஊன்றினேன். கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படர்ந்துவிட்டது. வாரத்துக்கு ஒரு சுண்டலுக்குக் காணும். இனி வரம்பில் அதைப் பறிக்கத் தேவையில்லை. அடுத்தது குறிஞ்சா. கொடியைப் பெரியம்மா காட்டிவிட்டார். பூவையும் காயையும் பார்த்த பிறகுதான் பறிப்பேன்.