கன்ட்ரோல் சி அடிப்பதற்கு முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கோயில் வேலை என்று வந்தால் என் மேசைக்கு மூன்று டிராயிங் வந்து சேரும், மூன்றும் மூன்று அளவில் இருக்கும். சர்வேயர் தருவது மீட்டரில். கட்டட பிளான் மில்லிமீட்டரில். விமானமும் மண்டபத் தூணும் தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதி அனுப்புவது, அடி அங்குலத்தில். இந்த மூன்றையும் நகராட்சிக்குப் போகும் ஒரே செட்டில் சேர்த்தாக வேண்டும். கணினியில் பிளான் வரையும் ஆட்டோகேடில் இதற்கு எல்லாரும் முதலில் செய்வது இந்தப் பக்கம் கன்ட்ரோல் சி, அந்தப் பக்கம் கன்ட்ரோல் வி. கோடு வந்துவிடும். கோடு வந்துவிட்டதே, இனி என்ன என்று அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம் பாருங்கள், அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

ஒரு பொருள் தனியாக வருவதில்லை. அதன் லேயர் (கோடுகளை வகை பிரித்து வைக்கும் அடுக்கு), எழுத்து ஸ்டைல், டைமன்ஷன் ஸ்டைல் (அளவுக்குறிகளின் தோற்றம்), பிளாக் (பெயர் வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வடிவம்) என்றால் அந்த பிளாக்கின் உள்வடிவம் எல்லாம் கூடவே வரும். போய்ச் சேரும் டிராயிங்கில் அதே பெயரில் ஒன்று ஏற்கனவே இருந்தால், அங்கே இருப்பதுதான் நிற்கும், புதிதாக வந்தது கைவிடப்படும். ஒரு பெட்டி திறந்து "எதை வைக்கட்டும்?" என்று கேட்காது. ஸ்தபதியின் டிராயிங்கில் 'டோர்' என்று ஒரு பிளாக், அகலமான இரட்டைக் கதவு. நம் டிராயிங்கிலும் 'டோர்' என்று ஒன்று, இந்த நாட்டுக் கடைகளில் கிடைக்கும் 813க்கு 2032 மில்லிமீட்டர் ஒற்றைக் கதவு. ஒட்டிப் பாருங்கள், மகாமண்டப வாசலில் சமையலறைக் கதவு நிற்கும்.

நிறத்தில் இது இன்னும் கவலைக்குரியது. தென்னாப்பிரிக்காவில் ஒப்புதலுக்குப் போகும் பிளானில் நிறத்துக்குப் பொருள் உண்டு: புதுச் செங்கல் சுவர் சிவப்பு, புதுக் கான்கிரீட் பச்சை, இரும்பு நீலம், மரம் மஞ்சள், ஏற்கனவே இருப்பது சாம்பல். நம் டிராயிங்கில் 'வால்' என்ற லேயர் பழைய கோயில் சுவருக்காகச் சாம்பலில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்தபதியின் புதுச் சுவரும் 'வால்' லேயரிலேயே வந்தால் அதுவும் சாம்பலாகிவிடும், அதாவது இன்னும் கட்டாத சுவரை ஏற்கனவே இருப்பதாக பிளான் சொல்லும். லேயரை விட்டுவிட்டு ஆப்ஜெக்டுக்கே நேராக நிறம் கொடுத்திருந்தால் வேறு தொல்லை: அவர் அழகுக்காகப் போட்ட பச்சை அப்படியே ஒட்டிக்கொண்டு வந்து, கல் தூண் கான்கிரீட் தூணாகப் படிக்கப்படும். அதனால் வந்த ஃபைலை முதலில் ஒரு நகல் எடுத்து, அந்த நகலில் செட்பைலேயர் ஓட்டி நிறத்தை லேயரிடமே விட்டு, லேயர், பிளாக் பெயர்களுக்கு முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்து, ஆடிட் (பிழை திருத்துவது), பர்ஜ் (பயன்படாததை நீக்குவது) முடித்து, அதற்கப்புறம்தான் எடுப்பேன். நேரமில்லை என்றால் இன்னொரு வழி: எக்ஸ்ரெஃப் ஆக, அதாவது வெளி ஃபைலின் இணைப்பாகச் சேர்த்துவிட்டு பைண்ட் செய்வது, அதாவது நம் ஃபைலுக்குள்ளேயே நிலையாகக் கொண்டுவருவது. அதிலும் 'பைண்ட்' என்ற தேர்வையே எடுக்க வேண்டும். அது ஃபைல் பெயரை ஒவ்வொரு லேயர், பிளாக் பெயருக்கும் முன்னால் வைத்துத் தனித்தனியாக நிறுத்தும். 'இன்சர்ட்' தேர்வு பெயர்களைக் கலந்துவிடும், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிடுவோம். பூஜ்ய லேயரில் வரைந்தது மட்டும் எந்த வழியிலும் கலந்துதான் போகும், அதைக் கையால் மாற்ற வேண்டும்.

தமிழில் குறிப்பு எழுதிய டிராயிங் வந்தால் கூடுதல் கவனம். சந்நிதிப் பெயர்களை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவம் வைத்த பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள், ஸ்டைலின் பெயரோ 'ஸ்டாண்டர்ட்'. நம்மிடமும் 'ஸ்டாண்டர்ட்' இருக்கிறது, அதில் ஏரியல். ஒட்டியதும் 'அம்மன்' என்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக மாறி நிற்கும். மூல ஃபைலில் அந்த ஸ்டைலுக்கு வேறு பெயர் வைத்துவிட்டு, எழுத்தை யூனிகோடுக்கு மாற்றி, லதாவோ நிர்மலாவோ கொடுத்துவிட்டால் பிரச்சினை இல்லை. அம்மன் பெயர் பிழையாக அச்சாகி நகராட்சி கோப்பில் உட்காருவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

சரி, அளவு. இன்ஸ்யூனிட்ஸ் என்று ஒரு அமைப்பு இருக்கிறது: 1 என்றால் அங்குலம், 4 மில்லிமீட்டர், 6 மீட்டர். இரண்டு ஃபைலிலும் அது உண்மையைச் சொன்னால் இன்சர்ட் செய்யும்போது ஆட்டோகேடே பெருக்கிக்கொள்ளும். ஆனால் அங்குலத்தில் வரைந்துவிட்டு ஃபைல் மில்லிமீட்டர் என்று சொல்லிக்கொண்டிருப்பது சாதாரணம், டெம்ப்ளேட் அப்படி. அதனால் நான் அமைப்பை நம்பாமல் கதவை அளப்பேன். டிஸ்ட் என்ற அளக்கும் கமாண்ட் போட்டு வாசலை அளந்தேன், 42 என்று வந்தது. ஸ்தபதிக்கு போன் போட்டேன்.

"ஐயா, மண்டப வாசல் மூன்றரை அடிதானே?"

"ஆமா தம்பி, மூன்றரைதான். தூணையும் ஒருதரம் அளந்து பார்த்துக்குங்க."

42 அங்குலம், அப்படியென்றால் 25.4 ஆல் ஸ்கேல். இதை 25 என்று உருட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 30 அடி மண்டபம் 9144 மில்லிமீட்டர் வர வேண்டியது 9000 ஆகிவிடும். 144 மில்லிமீட்டர் குறைந்தால் தூண் இடைவெளி அத்தனையும் தப்பு. ஆகம அளவு பார்த்துப் போட்ட ஒன்றை ஸ்கேல் கமாண்டில் கெடுப்பது நியாயமே இல்லை.

சர்வேயர் டிராயிங் தனி விஷயம். டர்பன், சாட்ஸ்வொர்த் எல்லாம் எல்ஓ 31 என்ற சர்வே ஆயத்தொலைவுப் பட்டையில் வருகின்றன, 31 பாகை தீர்க்கரேகை நடுக்கோடு. இந்த முறையில் ஒய் மேற்கு நோக்கிக் கூடும், எக்ஸ் பூமத்திய ரேகையிலிருந்து தெற்கு நோக்கிக் கூடும். நம் பகுதிக்கு எக்ஸ் 33 லட்சம் மீட்டர் சுமாருக்கு வரும். அட்டவணையில் இருக்கிற ஒய்யைக் கிடை அச்சிலும் எக்ஸை நிலை அச்சிலும் அப்படியே போட்டால் மனை 180 பாகை திரும்பி நிற்கும், தெற்கு மேலே. இரண்டுக்கும் மைனஸ் போட்டால் நேராகும். பெயரை மட்டும் பார்த்து எக்ஸை எக்ஸிலும் ஒய்யை ஒய்யிலும் போட்டால் மனை கண்ணாடியில் தெரிவது மாதிரி ஆகிவிடும், அதை எவ்வளவு சுழற்றினாலும் சரியாகாது.

இரண்டு ஃபைலும் ஒரே ஆயத்தொலைவில் இருந்தால் பேஸ்ட் டு ஒரிஜினல் கோஆர்டினேட்ஸ் (மூலத்தில் இருந்த இடத்திலேயே ஒட்டுவது) போல வசதி வேறில்லை. ஆனால் 1999 ஜனவரி 1க்கு முந்தைய சர்வே என்றால் அது பழைய கேப் டேட்டம் (ஆயத்தொலைவைக் கணக்கிடும் அடிப்படை), இப்போது இருப்பது ஹார்ட்டபீஸ்ட்ஹூக் 94. இரண்டுக்கும் இடையே சில நூறு மீட்டர் வித்தியாசம், கோயில் அடுத்த தெருவில் போய் உட்காரும். அந்த மாதிரி இடத்தில் காப்பிபேஸ் (பிடிக்கும் புள்ளியை நாமே காட்டும் காப்பி) போட்டு, இரண்டு டிராயிங்கிலும் உறுதியாக இருக்கிற எல்லைக் கல்லைப் பிடித்து எடுப்பேன். வெறும் கன்ட்ரோல் சி தேர்ந்தெடுத்தவற்றின் இடது கீழ் மூலையைத்தான் பிடிக்கும், அந்த மூலையில் பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. எனவே கட்டட பிளானை ஆரிஜின், அதாவது 0,0 புள்ளியின் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, சர்வேயை மட்டும் எக்ஸ்ரெஃப் ஆகச் சேர்க்கிறேன். ரெவிட், ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண மென்பொருள்களுக்கு அனுப்பும்போதும் இது உதவும், ஏனென்றால் ஆரிஜினிலிருந்து 33 லட்சம் மீட்டர் தள்ளி இருப்பதை இரண்டும் நன்றாகக் கையாளாது, விளிம்புகள் நடுங்கும்.

எக்செலிலிருந்து பரப்பளவு அட்டவணை கொண்டுவரும்போது பேஸ்ட் ஸ்பெஷல் போய் 'ஆட்டோகேட் என்டிட்டீஸ்' என்பதை எடுங்கள், நிஜமான டேபிளாக வரும், நம் எழுத்து ஸ்டைலையும் கொடுக்கலாம். சும்மா ஒட்டினால் அது ஓ.எல்.ஈ. பொருள், அதாவது எக்செல் துண்டே படம் மாதிரி உள்ளே பதிந்திருக்கும், பிரிண்டில் ஒரு இடத்தில் நன்றாகவும் இன்னொரு இடத்தில் மங்கலாகவும் வரும். வேர்டுக்குப் போவதென்றால் காப்பியே வேண்டாம், திரையில் சுற்றியிருக்கிற காலியிடமும் சேர்ந்து வந்துவிடும், பி.டி.எஃப். ஆக பிளாட் செய்து கொடுத்துவிடுங்கள்.