24 பக்கத்துல ஒரு சூளை

ரிட்டயர் ஆன அன்னைக்கு சால்வை, குத்துவிளக்கு, ஒரு சுவர்க் கடிகாரம் குடுத்தாங்க. அடுத்த வாரமே கதை எழுத உக்காந்துட்டேன். 31 வருஷ சர்வீஸ்ல பாடக்குறிப்புதான் எழுதியிருக்கேன், கதைன்னு ஒண்ணு எழுதுனதே இல்ல. மூணு வாரத்துல 1,400 வார்த்தை! குழந்தைகளுக்கான படப் புத்தகம்னு சொல்லி தெரிஞ்ச பதிப்பகத்துத் தம்பிகிட்ட பெருமையா நீட்டுனேன். படிச்சுட்டு "டீச்சர், இது சர்க்குலர் மாதிரி இருக்கே"ன்னுட்டார்.

கோவம்தான் வந்துச்சு. ஆனா ராத்திரி எடுத்துப் படிச்சா அவர் சொன்னது சரி. 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், 2009 கல்வி உரிமைச் சட்டம், எல்லாம் உள்ள இருக்கு. அந்தப் பொண்ணைத் தேடுனா காணோம்.

எந்தப் பொண்ணுன்னா, நான் கடைசியா ஹெச்.எம்மா இருந்தது திருவள்ளூர் மாவட்டத்துல, சுத்தியும் செங்கல் சூளை. ஒடிசாவுல பலாங்கீர், நுவாபடா பக்கம் அறுவடை முடிஞ்சதும் அட்வான்ஸ் வாங்கிட்டு குடும்பம் குடும்பமா ரயில் ஏறி வருவாங்க, மழைக்கு முன்னாடி ஜூன் வாக்குல திரும்பிடுவாங்க. கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவுன்னு கணக்கு, அதனால புருஷன் பொண்டாட்டி மட்டும் அறுத்தா கட்டுப்படியாகாது, புள்ளைங்களும் எறங்கணும், பச்சைக் கல்லை வெயில்ல திருப்பிப் போடுறது அவங்கதான், சின்னக் கை பட்டா கல்லு நசுங்காதுன்னு மேஸ்திரி எங்கிட்டயே சாதாரணமா சொல்லியிருக்கார்.

பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்குப் போனப்ப கூட்டிட்டு வந்ததுல இவ ஒருத்தி. எட்டு வயசு இருக்கும். கையில ஒரு சர்டிபிகேட் கிடையாது, இல்லாட்டியும் சேத்துக்கணும்னு சட்டம் இருக்கு, சேத்தாச்சு. ரெண்டு வாரம் வாயே திறக்கல. ஒண்ணுமே தெரியாதுன்னு ஒண்ணாம் வகுப்புல உக்கார வெச்சு, புளியங்கொட்டை குடுத்து பத்து வரைக்கும் எடுத்து வைன்னு கைய காட்டுனேன். அவ பாட்டுக்கு அஞ்சஞ்சா அடுக்குறா, பக்கத்துப் புள்ளைங்க கொட்டையெல்லாம் இழுத்து வெச்சுக்கிட்டு இருநூத்திச் சொச்சம் வரைக்கும் போயிட்டா. சூளையில கல்லு எண்ணுறது அவ வேலையாம். நான் பேசாம சாக்பீஸை எடுத்துக்கிட்டு போர்டு பக்கம் திரும்பிட்டேன்.

சரின்னு சட்டத்தையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு அந்தப் புளியங்கொட்டையில இருந்து ஆரம்பிச்சேன். படப் புத்தகத்துல இன்னொரு கட்டாயம், நடுவுல பின் அடிக்கிறதால பக்கம் நாலு நாலாத்தான் கூடும், 25 பக்கம்னு ஆசைப்பட முடியாது. 24ன்னு வெச்சுக்கிட்டேன். 1,400 வார்த்தை 190 ஆச்சு. "காய்ந்துகொண்டிருந்தன"ன்னு ஒரு வார்த்தைய ரெண்டாங்கிளாஸ் பையன்கிட்ட குடுத்துப் பாருங்க, எழுத்துக்கூட்டி முடிக்கிறதுக்குள்ள பெல் அடிச்சிரும். "கல் காயுது" போதும். கொச்சைன்னு ரெண்டு மூணு பேர் முகம் சுளிச்சாங்க, சுளிக்கட்டும்.

படம் போட்ட தம்பி முதல்ல அனுப்புனதைப் பாத்து தலையில கை வெச்சுட்டேன். பொண்ணு கண்ணுல சொட்டுச் சொட்டா கண்ணீர், கிளாஸ் புள்ளைங்க எல்லாம் ரோஸ் கலரு, மேஸ்திரி மட்டும் கருகருன்னு மீசையோட. அழுகையே வேணாம்பா, அந்தக் கருப்பு என் கிளாஸ்ல முக்காவாசிப் பேரோட கலரு, அதை ஏன் கெட்டவனுக்குக் குடுக்குறேன்னு கேட்டேன். நல்ல புள்ள, கோவிச்சுக்கல. ரெண்டு நாள் சூளையில போய் உக்காந்தே இருந்தான். திரும்பி வந்து வரைஞ்சதுல ஒரு வரிசைக் கல்லு மேல கோழிக்கால் தடம், நாய்க்கால் தடம், ஒரு கல்லுல மட்டும் குட்டியா அஞ்சு விரல். இத்தனை வருஷம் அந்த வழியாத்தான் ஸ்கூலுக்குப் போனேன், நான் பாத்ததில்ல. புள்ளைங்க அந்தப் பக்கத்துலதான் நிக்கிறாங்க, கீழ இருக்க என் வரிய யாரும் சீண்டுறதில்ல :)

வாசிச்சுக் காட்டப் போற இடத்துல பெரியவங்க நீதி என்னன்னு கேக்குறாங்க. ஒரு மூணாம் வகுப்புப் பொண்ணு, "ஊருக்குப் போயிட்டா அட்டெண்டன்ஸ்ல அவ பேரு என்னாகும் டீச்சர்?"னு கேட்டா. ரொம்ப நாள் வரலைன்னா சிவப்பு மையில அடிச்சிருவோம்னு உள்ளதைச் சொன்னேன். "நீங்களா அடிச்சீங்க?"ன்னா. ஆமான்னேன்.

இப்ப ஒரு சங்கடம். அவ முதன்முதல்ல வாயத் திறந்தது ஒரு வீட்டை வரைஞ்சு "கர்"னு சொல்லித்தான். நானும் அப்படியேதான் எழுதுனேன். அச்சுக்குப் போற நேரத்துல ஒடியா தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டுனா, வீட்டுக்கு "கர"ன்னு வரணும், புள்ளியத் தூக்குங்கன்னார், தூக்கிட்டேன். இந்த ஜனவரியில அதே சூளைக்குப் புத்தகத்தோட போனேன். பலாங்கீர்ல இருந்து வந்த அம்மா ஒருத்தங்க படத்தைத் தொட்டு, "கர்"ங்கிறாங்க. அவங்க பக்கத்துப் பேச்சுல அந்தக் கடைசி ஓசை விழுந்துருமாம். டீச்சர் புத்தி, அவ சரியாச் சொன்னதை நான் திருத்தியிருக்கேன்.

500 பிரதி அடிச்சதுல வீட்டுல இன்னும் 300க்கு மேல கிடக்கு. சாயங்காலம் காபி குடிச்சுட்டு கருப்புப் பேனாவோட உக்காந்து, ஏழாம் பக்கத்துல ஒவ்வொண்ணா புள்ளி வெச்சுக்கிட்டிருக்கேன்.