பூந்தொட்டிக்கு அடியில இருந்த கருப்புச் சிலந்தியும் அதுக்குப் பேரு தேடின கதையும்

ஒரு பூந்தொட்டியை நகர்த்துறப்ப அடியில இருந்து கன்னங்கரேல்னு ஒரு சிலந்தி விர்ருனு ஓடுச்சு. வலையும் இல்ல ஒண்ணும் இல்ல, உடம்பு ஒரு சென்டிமீட்டர் கூட வராது, ஆனா ஓட்டம்னா அப்படி ஒரு ஓட்டம். டப்பாவைக் கவுத்துப் பிடிச்சு போட்டோ எடுத்து தெரிஞ்சவங்களுக்கு அனுப்பினா ஒருத்தர் ஓநாய்ச் சிலந்திங்கறார், இன்னொருத்தர் அய்யோ விஷச் சிலந்தி தொட்டுடாதீங்கங்கறார், ஆப்ல போட்டா அது மூணு தடவைக்கு மூணு பேரு சொல்லுது. சரி நாமளே பாத்துடுவோம்னு உக்காந்தேன், அங்கதான் மாட்டினேன்.

முதல்ல கண்ணு. ஓநாய்ச் சிலந்தின்னா கீழ வரிசையில நாலு பொடிக் கண்ணு, அதுக்கு மேல ரெண்டு பெரிய கண்ணு முழிச்சுட்டு இருக்கும், ராத்திரி டார்ச் அடிச்சா பளிச்சுனு மின்னும். நம்ம ஆளுக்கு அப்படி இல்ல, எட்டும் சின்னச் சின்னதா ரெண்டு வரிசையில. விஷச் சிலந்தின்னு பயமுறுத்தினாரே, அவர் மனசுல இருந்தது லோக்ஸோசிலிஸ், அதுக்கு ஆறே கண்ணு, ஜோடி ஜோடியா மூணு இடத்துல. எண்ணத் தெரிஞ்சா போதும், அந்தப் பயம் போயிடும்.

ஆனா பின் வரிசையில நடுவுல இருக்கற ரெண்டு கண்ணைத்தான் லென்ஸ் வச்சுப் பாக்கணும். மத்த கண்ணு மாதிரி உருண்டையா இல்லாம தட்டையா, சாய்ஞ்சு, வெள்ளி பூசின மாதிரி இருக்கும். இது தரைச் சிலந்திங்களோட முக்கியமான அடையாளம், குடும்பத்துப் பேரு நாஃபோசிடே. இந்தக் குடும்பத்துல டிராஸோடெஸ் குப்ரியஸ்னு ஒண்ணு இருக்கு, அதோட இந்த ரெண்டு கண்ணும் உருவத்தைப் பாக்கறதுக்கே இல்லையாம், சூரியன் மறைஞ்ச பிறகு வானத்துல இருக்கற போலரைஸ்டு வெளிச்சத்தை, அதாவது ஒரே திசையில அதிர்ற வெளிச்சத்தை வச்சு திசை கண்டுபிடிக்கற காம்பஸ்னு 1999ல கண்டுபிடிச்சிருக்காங்க. இதைப் படிச்சதுக்கப்புறம் அந்த டப்பாவை நான் மரியாதையோட பாக்க ஆரம்பிச்சேன்.

அடுத்தது பின்னாடி. நூல் விடற குழாய் இருக்கே, ஸ்பின்னரெட், இதுங்களுக்கு அதுல முன் ஜோடி நல்லா உருண்டையா நீளமா, ஒண்ணுக்கொண்ணு இடைவெளி விட்டு, மேல இருந்து பாத்தாலே வெளிய நீட்டிட்டுத் தெரியும். சாக் ஸ்பைடர்ன்னு சொல்ற க்ளூபியோனிடே ஆளுங்களுக்கு அது கூம்பு மாதிரி, ஒட்டி ஒட்டி இருக்கும், அதனால போட்டோ எடுக்கறவங்க தயவுசெஞ்சு மூஞ்சியை மட்டும் எடுத்துட்டு வந்துடாதீங்க. இந்தக் குழாய் ஏன் இவ்வளவு பெருசுன்னா, மத்த சிலந்திங்க நூலைச் செவுத்துல ஒட்ட வைக்கறதுக்கு யூஸ் பண்ற பசை நூலை இதுங்க இரையைச் சுத்திச் சுத்தி ஓடி அதோட கால் மேலயே பூசி விட்டுடும். வலை கட்டாததுக்கு இதுதான் பதில்.

குடும்பம் சரி, பேரினம்? குடும்பத்துல மட்டும் ரெண்டாயிரத்து நானூறுக்கு மேல இனம் இருக்கு. இதுல கலரை நம்பவே கூடாது, கருப்பா பளபளன்னு இருக்கறது ஏகப்பட்டது. நான் ஜிப் கவர்ல போட்டு பஞ்சால மெதுவா அழுத்தி அசையாம வச்சு, மூணாவது நாலாவது கால்ல நுனிக்கு முந்தின கணுவைப் பாத்தேன். அதோட முனையில விறைப்பான முடி வரிசையா ஒரு சீப்பு மாதிரி! ஸெலோட்டஸ்ங்கற பேரினமும் அதோட பங்காளிப் பேரினங்களும் உடம்பைச் சீவிக்கற சீப்பு அது. பங்காளிங்கள்ல டிராஸில்லஸ்க்கு பின்வரிசை நடுக்கண்ணு பெருசா கிட்டத்தட்ட தொட்டுட்டு இருக்கும், ட்ராகிஸெலோட்டஸ்க்கு கெலிசெரா, அதாவது கடிக்கற தாடை முன்னாடி விறைப்பா பிரஷ் மாதிரி முடி இருக்கும், ரெண்டும் இதுல இல்ல. அன்னைக்கு நான் அடிச்ச சந்தோஷக் கூத்து வீட்டுல யாருக்கும் புரியல.

இனம்தான் இடிச்சது. பொண்ணுக்கு வயித்துக்கு அடியில எபிஜைன்னு ஒரு இனப்பெருக்கத் தட்டு, ஆணுக்கு வாய்ப் பக்கத்துல குட்டிக் கால் மாதிரி இருக்கற பால்ப் நுனியில இருக்கற அமைப்பு, இது ரெண்டோட வடிவம்தான் பேரைச் சொல்லும். ரெண்டுமே கடைசியாத் தோல் உரிச்ச பிறகுதான் முழுசா வரும். எனக்குக் கிடைச்சது குட்டி, ஆணா இருந்தா பால்ப் குத்துச்சண்டை கிளவுஸ் மாட்டின மாதிரி உப்பியாவது இருந்திருக்கும், அதுவும் இல்ல. சின்னப் பூச்சியாப் போட்டு வளர்த்தேன், தோல் உரிச்சுது, அடியில கருப்பாத் தட்டு தெரிஞ்சுது, பொண்ணு! ஆனா ஸெலோட்டஸ் சப்டெரேனியஸ், ஸெலோட்டஸ் அப்ரிகோரம் மாதிரி ஜோடிங்களை உறுதியாப் பிரிக்க அந்தத் தட்டையும் நுணுக்கமாப் பாக்கணும், பல இனத்துல அதை வெட்டி எடுத்து, கிராம்பு எண்ணெய் மாதிரி ஏதாவதுல ஊற வச்சு உள்ள இருக்கற குழாயெல்லாம் தெரியற மாதிரி ஆக்கி மைக்ராஸ்கோப்ல பாக்கறாங்க. அதாவது அவளை முதல்ல ஆல்கஹால்ல போடணும்.

இதுல பெரிய ஆளுங்களே தடுமாறியிருக்காங்க. அந்த காம்பஸ் கண்ணு குப்ரியஸையும் டிராஸோடெஸ் லாபிடோசஸையும் ரொம்ப காலம் ஒண்ணுன்னே குழப்பிட்டு இருந்தாங்க. ப்ரோடிடோமிடேன்னு தனியா இருந்த குடும்பத்தை 2018ல நாஃபோசிடேக்குள்ள சேர்த்தாங்க, 2022ல மறுபடி தனிக்குடித்தனம் வச்சாங்க.

நான் ஆல்கஹால்ல போடல. தொட்டியை சாய்ச்சு அடியிலயே விட்டுட்டேன். நோட்டுல "ஸெலோட்டஸ், பெண், வளர்ந்தது, இனம் தெரியாது"ன்னு எழுதி வச்சிருக்கேன், தேதியோட. ஓநாய்ச் சிலந்தின்னு சொன்னவருக்கு இதை அனுப்பினேன், இவ்வளவு பண்ணியும் பேரு தெரியலையான்னு கேட்டு ஒரு சிரிப்பு ஸ்மைலி போட்டிருக்கார்.