தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டு, கிறிஸ்மஸ் தீவுக்கு

சிங்கப்பூரிலிருந்து கிறிஸ்மஸ் தீவு சுமார் 1,300 கிலோமீட்டர்தான். நேரே பறந்தால் இரண்டு மணி நேரத்தில் இறங்கிக் கோப்பி குடிக்கலாம். நாங்கள் போனதோ முதலில் 3,900 கிலோமீட்டர் தெற்கே, பெர்த்துக்கு. அங்கே ஒரு ராத்திரி. அப்புறம் வந்த திசையிலேயே திரும்பி 2,600 கிலோமீட்டர் வடக்கே. இரண்டு பேருக்கு டிக்கெட் மட்டும் 4,000 வெள்ளியை (டாலரை) தாண்டிவிட்டது. “இந்தக் காசுக்கு ஐரோப்பாவே போய்ட்டு வந்திருக்கலாம்” என்றாள் மனைவி. நியாயம்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஐ.நா.வில் இருக்கும் 193 நாடுகளைவிட, அந்தக் கணக்கில் வராத இடங்கள்மேல்தான் ஆசை. எங்கோ இருக்கும் ஒரு நாட்டின் கொடியை ஏற்றிக்கொண்டு கடல் நடுவே தனியாகக் கிடக்கும் தீவுகள். டிரிஸ்டன் ட குன்யாவுக்கு இன்றும் விமானம் கிடையாது, கேப் டவுனிலிருந்து கப்பலில் ஒரு வாரம் ஆகும். செயின்ட் ஹெலினாவுக்குப் பயணிகள் விமானம் வந்ததே 2017இல்தான். அவையெல்லாம் நம் பர்ஸுக்குக் கனவோடு சரி. கிறிஸ்மஸ் தீவு அப்படியில்லை. ஒரு காலத்தில் அது சிங்கப்பூரிலிருந்து ஆளப்பட்ட இடம். 1958இல் ஆஸ்திரேலியா கைக்குப் போனது. அங்கே தோண்டியெடுக்கும் பாஸ்பேட் என்ற உரத் தாதுவின் வருமானம் போனதற்கு ஈடாகச் சிங்கப்பூருக்கு 29 லட்சம் பவுண்டு கிடைத்தது. பணத்தை வாங்காமல் தீவை வைத்திருந்தால் இன்று சாங்கி விமான நிலையத்திலிருந்து தினம் ஒரு விமானம் இருந்திருக்கும் என்பது என் கட்சி.

போனது சிவப்பு நண்டுகளுக்காக. பருவமழை தொடங்கியதும் கோடிக்கணக்கான நண்டுகள் காட்டிலிருந்து கடலுக்கு இறங்கும். எந்த மாதம் என்பதை மழை முடிவு செய்யும்; எந்த நாள் என்பதை நிலா. தேய்பிறை பாதியாகும் சமயத்தில், விடியலுக்கு முன், ஏறிய அலை வடியத் தொடங்கும்போதுதான் முட்டை விடும். அதாவது நம் கணக்கில் தேய்பிறை அஷ்டமி! தினசரிக் காலண்டரைக் கிழித்து வைத்துக்கொண்டு ஆபீசில் லீவு கேட்டவன் நானாகத்தான் இருப்பேன். “அஷ்டமியை நம்பிப் பயணம் கிளம்புறவன இப்பத்தான் பாக்குறேன்” என்றார் அம்மா.

அம்மா வாக்கு பெர்த்திலேயே பலித்தது. தீவின் விமான நிலையம் மலைமேல் இருக்கிறது, மேகம் தாழ்ந்தால் இறங்க முடியாதாம். விமானம் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. அது புரிகிறது. ஆனால் அன்று ராத்திரி எங்கே தங்குவது என்று கேட்டதற்கு, முகப்பில் இருந்தவர் ஒரு தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தார். அந்த எண்ணை யாரும் எடுக்கவில்லை. விடுதிக்கு 190 வெள்ளி தண்டம். நாங்கள் வராத நாளுக்கும் தீவில் கார்க்காரர் வாடகை போட்டுக்கொண்டார்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் கண்ணில் ஒரு டாக்ஸிகூடப் படவில்லை, அதனால் கார் எடுக்காமல் முடியாது. கிடைத்தது ஒரு கிழட்டு ஜீப். ஏர்கான் பெருமூச்சு விடும், அவ்வளவுதான். பின்சீட்டில் சருகு வாரும் நீளக் கம்பு ஒன்று கிடந்தது. எதற்கு என்று முதல் வளைவிலேயே புரிந்தது. சாலை முழுக்க நண்டு. மனைவி இறங்கி முன்னால் வாரிக்கொண்டே நடக்க, நான் பின்னால் ஊர்ந்தேன். இரண்டு கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம்! சில சாலைகளை அடைத்தே விடுகிறார்கள். நண்டுகளுக்கென்று தனி மேம்பாலம், சுரங்கப்பாதையெல்லாம் உண்டு. இவ்வளவு பார்த்தும் ஓர் ஓடு டயரில் குத்தி பஞ்சர். கார்க்காரர் 150 வெள்ளி கேட்டார். ஒரு டயருக்கா, நான்குக்குமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

சாப்பாடு மட்டும் மனதைக் குளிர வைத்தது. காய்கறி பெரும்பாலும் வெளியிலிருந்து வர வேண்டும் என்பதால் கடையில் கீரைக்கட்டின் விலையைப் பார்த்ததும் அப்படியே திரும்ப வைத்துவிட்டோம். ஆனால் கடலோர மலாய்க் கிராமமான கம்போங்கில் ஒரு மக்சிக் (மலாய் அம்மா) வைத்த நாசி லெமாக் இருக்கிறதே! சம்பலில் இனிப்பைக் கொட்டாமல், நெத்திலி மொறுமொறுவென்று, தேங்காய்ப்பால் வாசம் சோற்றிலேயே நின்றது. இன்று நம் கோப்பிக்கடைகளில் இந்தச் சுவை இல்லை, யார் கோபித்தாலும் சரி. என் அரைகுறை மலாயைக் கேட்டதும் “சிங்கப்பூரா?” என்றார். அவர் அப்பா அங்கிருந்துதான் பாஸ்பேட் வேலைக்குக் கப்பலேறினாராம். இன்னொரு முட்டை வைத்தார், காசு வாங்கவில்லை.

வடமேற்கு முனைக்குப் போகும் வழியில் புகலிடம் தேடி வருபவர்களை அடைத்து வைக்க ஆஸ்திரேலிய அரசு கட்டிய தடுப்பு மையம் இருக்கிறது. 2008இல் திறந்தது. இலங்கையிலிருந்து படகேறிய தமிழர்கள் பலரை இங்கேதான் வைத்திருந்தார்கள். தூரத்தில் வேலியைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். வண்டியில் வெகுநேரம் பேச்சில்லை.

அஷ்டமி விடியல். நான்கு மணிக்கே ஈத்தல் கடற்கரையில் நின்றோம். பாறையெல்லாம் பெண் நண்டுகள். வளை தோண்டிக் கொடுத்த ஆண்கள் முன்பே காட்டுக்குத் திரும்பிவிட்டன. அலை தொட்டதும் ஒவ்வொன்றும் கொடுக்கைத் தூக்கி உடம்பை உதறியது, சாமி வந்தவர்கள் உலுக்குவதுபோல. ஒரு நண்டுக்கு லட்சம் முட்டை வரை. குஞ்சுகள் ஏறக்குறைய ஒரு மாதம் கடலில் கிடக்கும். பல வருடங்களில் ஒன்றுகூடக் கரை திரும்புவதில்லையாம். மனைவியின் செருப்பில் இரண்டு ஏறி நின்றன. அவள் காலை அசைக்கவே இல்லை. ஐரோப்பா பேச்சும் வரவில்லை. “நண்டு ரசம் வச்சா எப்படி இருக்கும்?” என்று நான் கேட்டதற்குத்தான் முறைப்பு கிடைத்தது.

செலவுக் கணக்கை வரிசையாகத் தருவதாகச் சில நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். ரசீதுகள் மழையில் ஊறிப் போய்விட்டன. நினைவில் இருப்பது இதுதான்: ஆஸ்திரேலிய மின்விசா வேண்டும், பெர்த்தில் ஒரு நாள் கூடுதலாக ஒதுக்குங்கள், காரை எடுக்கும் முன் மாற்று டயரில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். எங்களுடையதில் இல்லை.