கூடை எங்கே இருக்க வேண்டும்?

மார்ச் 4, 2025, செவ்வாய்

மளிகை ஆர்டர் ஆப், ரியாக்டில் (திரையைக் காம்பொனென்ட் என்ற சிறு துண்டுகளாகக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி). ஹெடரில் கூடையின் எண்ணிக்கை, உள்ளே ஒவ்வொரு பொருளுக்கும் 'சேர்' பட்டன். இரண்டுக்கும் ஒரே தகவல் வேண்டும். இப்போது அதை உச்சியில் இருக்கும் காம்பொனென்டில் வைத்து, ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கைமாற்றும் ப்ராப்ஸாக இறக்கிக்கொண்டே போகிறோம். நடுவில் இருக்கும் லேஅவுட் அதைத் தொடுவதே இல்லை, வாங்கிக் கீழே தள்ளுகிறது.

“ரீடக்ஸ் போட்டுடலாமாண்ணா?” என்றான் டீமுக்குப் புதிதாக வந்த தம்பி. ஆப்பின் தகவலை (ஸ்டேட்) ஸ்டோர் என்ற ஒரே இடத்தில் வைக்கும் தனி லைப்ரரி அது. 2015இல் ரீடக்ஸ் வந்தபோது அதற்கு நியாயம் இருந்தது. நடுவில் கைமாற்றாமலே தகவலைக் கீழே தரும் ரியாக்டின் சொந்த வழிதான் கான்டெக்ஸ்ட்; அன்று அது வெறும் சோதனை வசதி. முறையானது 2018இல், ரியாக்ட் 16.3இல்தான் வந்தது. முதலில் கான்டெக்ஸ்டைப் பார்ப்போம் என்றேன்.

மார்ச் 5, புதன்

கூடை, தீம் (நிற அமைப்பு), லாகின், தேடல் சொல் எல்லாவற்றையும் ஒரே ப்ரொவைடரில் (கான்டெக்ஸ்டுக்குத் தகவலைத் தரும் காம்பொனென்ட்) போட்டுக் கொண்டுவந்தான் தம்பி. எது எப்போது ஓடுகிறது என்று காட்டும் ப்ரொஃபைலரைத் திறந்து தேடலில் ஓர் எழுத்து தட்டினால் பக்கம் முழுக்க ரீரெண்டர், அதாவது காம்பொனென்டுகள் மறுபடி ஓடுகின்றன. கான்டெக்ஸ்டின் வேல்யூ புது ஆப்ஜெக்டாக மாறினால், அதைப் படிக்கும் காம்பொனென்ட் எல்லாம் மறுபடி ஓடும். தீம் மட்டும் படிக்கும் காம்பொனென்டுக்கும் விலக்கு இல்லை. ப்ராப்ஸ் மாறாவிட்டால் ரீரெண்டரைத் தவிர்க்கும் மெமோ போட்டு மூடினாலும் தடுக்காது.

மார்ச் 7, வெள்ளி

இன்று எதற்கு எது இடம் என்று பிரித்தோம். பொருள் பட்டியல் நம்முடையதே இல்லை. அது சர்வரின் சொத்து, நம்மிடம் இருப்பது நகல். சர்வர் தகவலை வாங்கிவந்து புதுப்பித்து வைக்கும் டான்ஸ்டாக் குவெரி லைப்ரரி பார்த்துக்கொள்ளும். தேடல் சொல் யூஆர்எல்லுக்குப் போனது. லிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எதிராளிக்கும் அதே தேடல் திறக்கும். தீமும் லாகினும் எப்போதாவதுதான் மாறும், அவற்றுக்குத் தனித்தனி கான்டெக்ஸ்ட் போதும்.

அப்புறம் மிஞ்சியது கூடை ஒன்றுதான். அதற்கு ஜுஸ்டாண்ட், ரீடக்ஸ் போலவே ஸ்டோர் வைக்கும் சிறிய லைப்ரரி. ஹெடர் செலக்டர் (ஸ்டோரிலிருந்து வேண்டியதை மட்டும் எடுக்கும் ஃபங்ஷன்) வழியாக எண்ணிக்கையை மட்டும் கேட்கிறது, அது மாறினால்தான் ரீரெண்டர். ஜுஸ்டாண்டின் ஐந்தாம் பதிப்பில் ஒரு கண்ணி உண்டு: செலக்டர் ஒவ்வொரு முறையும் புது ஆப்ஜெக்டைத் திருப்பினால் முடிவில்லாமல் சுற்றும். உள்ளே இருக்கும் மதிப்புகள் மாறினவா என்று ஒப்பிடும் யூஸ்ஷாலோ போட வேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

சர்வரிலும் பக்கத்தைத் தயாரிக்கும் ரியாக்ட் ஃப்ரேம்வொர்க்கான நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸில் ஒரு சிக்கல். ஸ்டோரை ஃபைலின் மேல்மட்டத்தில் உருவாக்கினால் பிரவுசரில் பிரச்சினை இல்லை. சர்வரிலோ ஒரே ப்ராசஸ் பலருக்குப் பக்கம் தயாரிக்கிறது. அந்த ஸ்டோரில் கூடையை நிரப்பினால் ஒருவர் வாங்கிய பருப்பு இன்னொருவர் பக்கத்தில் தெரியும்! ரிக்வெஸ்டுக்கு ஒரு ஸ்டோர் உருவாக்கி, அதைக் கான்டெக்ஸ்ட் வழியாக அனுப்பினோம். கூடை மாறினாலும் ஸ்டோர் அதே ஆப்ஜெக்ட் என்பதால் கான்டெக்ஸ்ட் யாரையும் எழுப்பாது. ரீடக்ஸை ரியாக்டோடு இணைக்கும் ரியாக்ட்-ரீடக்ஸும் ஆறாம் பதிப்பில் ஸ்டேட்டையே கான்டெக்ஸ்டில் அனுப்பிப் பார்த்து, வேகம் குறைந்ததால் ஏழாம் பதிப்பில் ஸ்டோரை அனுப்பும் பழைய வழிக்கே திரும்பியது.

இனி இரண்டு டேப் திறந்துவைப்பவர்கள் பாடு. கூடையை பிரவுசரின் சொந்தச் சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜில் சேமிக்கிறோம். 'ஸ்டோரேஜ்' ஈவென்ட் மாற்றம் செய்த டேபில் வராது, மற்ற டேப்களில்தான் வரும். நமக்கு வேண்டியதும் அதுதான். ஈவென்ட் வந்ததும், சேமித்ததை மறுபடி ஸ்டோரில் ஏற்றும் ரீஹைட்ரேட்டை அழைக்க வேண்டும். தம்பி நாளை எழுதுகிறான்.